கூறு போட்டவளுக்குக் கடைசிக் கூறு

முன்னொரு காலத்தில் விசயகேது என்றொரு ராசா, கடலுக்கு இக்கரையில் உட்கார்ந்தபடியே அக்கரையிலிருந்த ஏழு தீவுகளையும் ஆண்டுவந்தார். தீவுக்காரர்கள் வலை வீசுவதற்குக்கூட அவருடைய முத்திரை ஓலை வேண்டும். ஓலை கப்பலேறி வந்து சேர்வதற்குள் மீன் வேறு கடலுக்குப் போயிருக்கும். பொறுத்துப் பார்த்தவர்கள், ஒருநாள் ராசாவின் அதிகாரி கோளரி ராயரைப் படகேற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ராசாவின் படை மூன்று முறை போனது. மூன்று முறையும் மணல்திட்டில் கப்பல் தட்டி, நனைந்த மீசையோடு திரும்பி வந்தது.

"சரி, யாரையாவது பேச அனுப்புங்கள்" என்றார் ராசா.

தீவுகள் முத்துப்பேச்சியை அனுப்பின. கரையில் மீனைக் கூறு போட்டுப் பங்கு பிரிக்கிறவள் அவள். தீவுக்காரர்கள் கூடி எழுதிய சட்ட ஓலைக்கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சபையில் நின்றாள்.  'ஏழு தீவும் உன்னை நம்பியிருக்கு, நடுங்கித் தொலைக்காதே' என்று தன் கையிடமே கெஞ்சினாள்.

"வாங்கம்மா, மீன் மகாராணி!" என்றார் கோளரி ராயர். திருப்பி அனுப்பப்பட்ட அவமானம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. "ராசா இல்லாவிட்டால் ஏழு தீவும் ஒன்றையொன்று கடித்துத் தின்னும், மகாராசா!"

"சண்டை வரும்தான் ஐயா. இந்த ஓலையை எழுதவே நாற்பது நாள் சண்டை போட்டோம்" என்றாள் அவள்.

ராசாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்படியானால் ஒரு சோதனை. தராசு கூடாது. ஒரு மீனை ஏழு பேருக்குப் பங்கு வைக்க வேண்டும். ஒரு முணுமுணுப்புகூட வரக்கூடாது. வராவிட்டால் உங்களுக்கு விடுதலை. வந்தால் பழையபடி என் ஓலைக்குக் காத்திருங்கள்."

"முதலில் நான் காட்டுகிறேன்!" என்று முந்தினார் ராயர். மடைப்பள்ளியிலிருந்து இரண்டு நெய்மீன் வந்தன. ராயர் ஒன்றை வெட்டினார். கொழுத்த நடுத்துண்டுகளைத் தன் இலையில் வைத்துக்கொண்டு, முத்துப்பேச்சியையும் சேர்த்து மற்ற ஆறு பேருக்கும் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். சேனாதிபதிக்கு வால்.

"மூன்று தடவை கடலில் விழுந்தவனுக்கு வாலா?" என்று சேனாதிபதி இலையை வீசினார். புரோகிதர் முள்ளைத் தூக்கிக் காட்டினார். சபை சந்தைக்கடையானது.

அடுத்தது முத்துப்பேச்சியின் முறை. "ராயரையும் சேர்த்து நீங்க ஆறு பேர், நான் ஒருத்தி. எங்க ஊர் வழக்கப்படி கூறு போட்டவ கடைசியிலதான் எடுக்கணும். மிஞ்சுறதுதான் எனக்கு" என்று சொல்லிவிட்டுக் கத்தியை எடுத்தாள். மோசமான கூறு தன் தலையில் விழுமே என்று பார்த்துப் பார்த்து வெட்டினாள். எல்லாக் கூறிலும் நடுத்துண்டு, எல்லாக் கூறிலும் கொஞ்சம் வால். ஒவ்வொருவராக வந்து தேடி எடுத்துப் போனார்கள்.

முதல் ஆளாக வந்து ஏழையும் புரட்டிப் பார்த்து ஒன்றை எடுத்திருந்த ராயர் மட்டும், "என்னுடையது சின்னது!" என்று கத்தினார்.

முத்துப்பேச்சி அவர் கையிலிருந்த கூறைப் பார்த்தாள். மெல்லக் கேட்டாள்: "ஐயா, அதை எடுத்தது யாரு?"

ராயர் கூறை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.  சேனாதிபதிதான் முதலில் சிரித்தார்.

"தானே எடுத்ததற்கு முணுமுணுப்பது கணக்கில் சேராது. இதுதானா உங்கள் சட்டம்?" என்று ராசா ஓலைக்கட்டைக் கேட்டு வாங்கினார்.

"ஆமாம் மகாராசா. கத்தி ஒருத்தர் கையில, எடுக்கிறது இன்னொருத்தர் கையில, வழக்கு வந்தா தீர்க்கிறது மூணாவது ஆள். சட்டம் போடுறவங்களுக்கும் அதே சட்டம். தலைவரை நாங்களே தேர்ந்தெடுப்போம், மூணு வருஷத்துல இறக்கிடுவோம்."

"கடைசி ஓலைகள் காலியாக இருக்கின்றனவே?"

அவள் தயங்கினாள். பொய் சொல்ல வரவில்லை. "எங்கேயாவது தப்பு பண்ணியிருப்போம், மகாராசா. பின்னால வர்றவங்க திருத்தி எழுத இடம் விட்டிருக்கோம்."

ராசா கடைசிக் காலி ஓலையைத் தடவிப் பார்த்தார். பிறகு விடுதலைப் பத்திரத்தில் முத்திரையை அழுத்தினார். "ராயரே, இன்று முதல் அரண்மனை விருந்தில் நீர்தான் பங்கு வைக்க வேண்டும். கடைசியில்தான் எடுக்க வேண்டும்" என்றார்.

முத்துப்பேச்சி ஓலைக்கட்டை வாங்கிக்கொண்டு, கும்பிட்டுத் திரும்பினாள்.

"நில்லம்மா" என்றார் ராசா. குரல் தணிந்திருந்தது. "அந்தக் காலி ஓலையில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டுப் போ."

அவள் உருவிக் கொடுத்தாள்.  ராசா அதைத் தன் சொந்தச் சட்டச் சுவடியின் கடைசியில் வைத்துக் கட்டினார்.