கேட்டில் இடித்த கார், தேங்காய் விழுந்த கார்

இந்தக் கதையில் இரண்டு கார்கள் வருகின்றன. இரண்டும் வெள்ளை, இரண்டிலும் அடிபட்டிருக்கிறது. ஒன்றை அதன் சொந்தக்காரரே வீட்டில் வைத்துச் சரிசெய்தார். இன்னொன்று கடைக்குப் போய் வந்தது. எந்தக் கார்மேல் சந்தேகம் என்று கேட்டால் உடனே ஒரு பதில் உங்கள் நாக்கு நுனிக்கு வரும். வரட்டும், கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கட்டும்.

மாயவரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்பில் வீடு வீடாகத் துணி வாங்கி இஸ்திரி போட்டுக் கொடுப்பவள் தையல்நாயகி. தேய்த்த துணிகளை மொபெட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் புருஷன் ஞானசேகரனின் வேலை. ஆயுத பூஜை முடிந்த பிறகு, ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம், பைபாஸ் திருப்பத்தில் ஒரு கார் அவனை மொபெட்டோடு தூக்கி எறிந்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. வெள்ளைக் கார், முன்பக்கம் இடது மூலை. அவனுக்கு ஞாபகம் இருந்தது அவ்வளவுதான். யாரோ பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்ப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா காலைக் காப்பாத்தியிருக்கலாம்மா" என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இடித்ததைக்கூட தையல்நாயகி மன்னித்திருப்பாள். மழையில் போட்டுவிட்டுப் போனதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. அது யார் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

முன்பக்கம் நசுங்கிய வெள்ளைக் கார் வந்தால் தகவல் சொல்ல வேண்டும் என்று உள்ளூர் டிங்கரிங் கடைகளிலெல்லாம் போலீஸ் சொல்லிவைத்திருந்தது. ஒரு காரும் வரவில்லை. தையல்நாயகி துணி வாங்கும் சாக்கில் ஒவ்வொரு போர்டிகோவாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தாள். வெள்ளைக் கார் வைத்திருந்தவர்கள் சிரித்தாலும் சந்தேகம், சிரிக்காவிட்டாலும் சந்தேகம்.

கல்லூரி வாத்தியார் சபாநாதன் வீட்டில் பட்டப்பகலில் கேட் உள்பக்கம் தாழிட்டிருந்தது. பல்பு மாற்றக்கூட ஆள் கூப்பிடுகிற மனிதர் அவர். கேட் இடுக்கு வழியே பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவருடைய வெள்ளைக் காரின் இடது மூலையில், முன் பம்பரில் ஒரு பள்ளம். வாத்தியார் கொதிக்கக் கொதிக்க வெந்நீரை அதன்மேல் ஊற்றிவிட்டு, பம்பருக்கு அடியில் கையை நுழைத்து உள்ளிருந்து தள்ளினார். டப்பென்று பள்ளம் வெளியே வந்துவிட்டது. பெயின்ட்கூட உரியவில்லை. துண்டால் துடைத்துக்கொண்டே திரும்பியவர், கேட்டுக்கு வெளியே அவளைப் பார்த்ததும் துண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"என்ன சார் இது?"

"கேட்ல இடிச்சிட்டேன்மா. ஊரே வெள்ளக் காரத் தேடிக்கிட்டு இருக்கு. கடைக்குக் கொண்டுபோனா நான்தான்னு முடிவே கட்டிடுவாங்க. அதான்..."

அதான் என்றால் என்ன அதான்? தப்புச் செய்யாதவர் எதற்குத் தாழ்ப்பாள் போட வேண்டும்? அவர் வீட்டுத் துணி மூட்டையைக் கேட்டுக்கு மேலாக உள்ளே வீசிவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினாள். தெருவே கேட்டது.

நேராகக் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ராஜமன்னாரிடம் போனாள். ஆஸ்பத்திரிக்கு இரண்டு மூன்று தடவை வந்து ஞானசேகரனைப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவள் சொன்னதைக் கேட்டு மெதுவாகத் தலையாட்டினார்.

"கதவ சாத்திக்கிட்டு செய்றவன் யோக்கியனா இருப்பானா, தையலு? என் வண்டிலயும்தான் அடி. போன வாரம் தென்னமரத்தடில நிறுத்தியிருந்தேன், தேங்கா விழுந்து பானெட்டு குழிஞ்சு போச்சு. நானா தட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்? கும்மோணத்துல தெரிஞ்ச கடைல விட்டு, பானெட்ட தட்டி, புதுசா பெயின்ட் அடிச்சு வாங்கியாந்துட்டேன். அதுல பானெட்டத் தவிர வேற ஒண்ணுமே செய்யல. நீ காலைல வா. ஸ்டேஷன்ல அந்த வாத்தியார் பேரச் சொல்லிடுவோம், நானும் கூட வர்றேன்."

மறுநாள் காலை, அவருடைய சட்டைகளைத் தேய்த்து எடுத்துக்கொண்டே போனாள். "உள்ள போய்ச் சட்டைய மாத்திக்கிட்டு வந்துடறேன்" என்று ஒன்றை வாங்கிக்கொண்டு அவர் உள்ளே போனார். போர்டிகோவில் அவர் கார் நின்றது. அவள் அதைச் சும்மாதான் பார்த்தாள். ஆயுத பூஜைக்குப் பானெட் நடுவில் வைத்த சந்தனமும் குங்குமமும் மழையில் கரைந்து வெயிலில் காய்ந்து, மங்கிய கறையாக அப்படியே இருந்தன. வலது பக்க ஹெட்லைட் பழுப்பேறிக் கிடந்தது. இடது பக்க ஹெட்லைட்டோ பளிச்சென்று மின்னியது, அதைச் சுற்றியிருந்த பம்பரும்தான்.

செருப்பை மாட்டிக்கொண்டு வந்த ராஜமன்னார், "போலாமா?" என்றார்.

தப்பான பெயரைச் சொன்னால் ஒரு குடும்பம் சீரழிந்துவிடும். அவளுடைய நியாயமும் அதோடு போய்விடும். சொல்லுங்கள்: ஞானசேகரனை இடித்துவிட்டுப் போனவர் யார்? அவள் எதைக் கண்டு தெரிந்துகொண்டாள்?

விடை: ராஜமன்னார். பானெட்டைத் தட்டிப் புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தால் அதற்கு முந்தைய பூஜைக் கறை அங்கே இருந்திருக்காது. பானெட்டில் யாரும் கையே வைக்கவில்லை. புதிதாக மாற்றப்பட்டவை இடது மூலையின் ஹெட்லைட்டும் பம்பரும். மேலேயிருந்து விழும் தேங்காய் பானெட்டை விட்டுவிட்டு அவற்றை மட்டும் உடைக்காது. சபாநாதனின் கார், ஓர் ஆளை மொபெட்டோடு தூக்கி எறிந்திருந்தால், பெயின்ட் உரியாமல் வெந்நீருக்கு நிமிர்ந்திருக்குமா? அவருக்கு இருந்தது பயம், குற்றம் அல்ல. தையல்நாயகி ராஜமன்னாரிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு, ஸ்டேஷனுக்குத் தனியாகவே போய்ச் சொன்னாள். அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் புருஷனிடம் பெயரைச் சொன்னாள். "அவரு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாரே, தையலு" என்றான் அவன். அந்த அழுகை பொய்யில்லை என்றுதான் அவளுக்கும் தோன்றியது. அதனாலேயே அவளுக்கு இன்னும் மனசு ஆறவில்லை.