அறுபத்து மூன்று கிலோ

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சாமி இருந்தார். பதினெட்டு வருடம் லாரி ஓட்டியவர். ஒருநாள் சாவியை முதலாளி கையில் கொடுத்துவிட்டு வந்து, ஓர் ஓலைக் கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். ஊர் அவரை டிரைவர் சாமி என்றது. அவரும் அந்தப் பேருக்கே திரும்பிப் பார்த்தார். வயது நாற்பத்திரண்டு.

அவருடைய சீடர் செங்கோடன் அவரைவிட ஆறு வயது மூத்தவர். நாமக்கல் ரோட்டில் எடைமேடை வைத்திருந்தார். பாரம் ஏற்றிய லாரி மேடையில் ஏறி நிற்கும், இவர் எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பார். இருபது வருடமாக இதே பிழைப்பு என்பதால் எடையைத் தவிர வேறெதையும் மனுஷன் நம்புவதில்லை. கல்யாணத்தன்று அவர் அறுபத்து மூன்று கிலோ, இன்றைக்கும் அதே அறுபத்து மூன்று. இதை அவர் வாயால் கேட்காதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நொண்டிக்கொண்டு வந்தார். கால் கட்டைவிரல் வீங்கிச் சிவந்திருந்தது. சட்டைப்பையில் மூன்று ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள், மூன்றும் வேறு வேறு லேபில் எடுத்தவை. மூன்றிலும் கொழுப்பு அதிகம், யூரிக் ஆசிட் அதிகம். ஒரு லேப் தப்பாகச் சொல்லலாம், மூன்றுமா சொல்லும் என்று நினைத்து நினைத்து அவருக்கு நாலு நாளாகத் தூக்கம் இல்லை.

பயப்படக் காரணமும் இருந்தது. அவருடைய அண்ணன் பொன்னுரங்கமும் இதே மாதிரி ஒல்லி. நாற்பத்தொன்பதாவது வயதில், காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்த மனிதர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான். வருகிற ஆடி வந்தால் செங்கோடனுக்கும் நாற்பத்தொன்பது.

டாக்டர் வயிற்றைக் குறைக்கச் சொன்னாராம். தினம் நடக்கச் சொன்னாராம். ஞாயிற்றுக்கிழமைக் குடல் வறுவலையும் பீரையும் அறவே விடச் சொன்னாராம். இல்லாத வயிற்றை எப்படி ஐயா குறைப்பது என்று செங்கோடன் அங்கேயே சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். ஆனால் பயம் மட்டும் கூடவே வந்துவிட்டது.

"எடை சரியா இருக்குதுங்க சாமி. அப்புறம் நோவு எங்கிருந்து வருது?"

சாமி சீட்டுகளை வாங்கவில்லை. தான் வண்டி ஓட்டிய காலத்துச் சங்கதி ஒன்றைச் சொன்னார். ஒருமுறை மலைக்குச் சிமெண்ட் ஏற்றிப் போனார். செங்கோடனின் மேடையில்தான் எடை பார்த்தது. ஒரு கிலோகூட அதிகம் இல்லை. ஏழாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி குடைசாய்ந்துவிட்டது.

"மூட்டையை எல்லாம் ஒரே பக்கமா அடுக்கியிருப்பானுங்க," என்றார் செங்கோடன்.

"ஆமா."

"அதுக்கு என் மேடை என்னங்க பண்ணும்? மொத்தம் எவ்வளவுன்னுதான் அது சொல்லும். பாரம் எங்க இருக்குன்னு சொல்லாதுங்களே."

"சொல்லாதுதான்," என்றார் சாமி.

செங்கோடனுக்கு உறைக்கவில்லை. நம் பிழைப்பையே குறை சொல்கிறாரோ என்று கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. வந்த வேலை திருநீறு வாங்குவது, வாங்கிக்கொண்டு கிளம்பிவிடலாம் என்று நினைத்தார்.

அண்ணனுக்குச் சுடுகாட்டில் கூட நின்றது யார் என்று சாமி கேட்டார்.

தான்தான் என்றார் செங்கோடன். சிதையில் வைக்குமுன் இடுப்பில் இருக்கும் அரைஞாண் கயிற்றை அறுத்து எடுப்பார்கள் அல்லவா, அதை அவர் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். அண்ணனுக்குக் கையும் காலும் குச்சி குச்சியாக இருந்தன. இடுப்பில் மட்டும் கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது. அறுக்க வந்தவர் கத்தியை வைத்துக்கொண்டு தடவித் தடவிப் பார்த்தார்.

"விரல் நுழையலைங்க சாமி. கயித்துக்கு அடியில ஒரு விரல் நுழையல. இன்னும் கண்ணுலயே நிக்குது."

சாமி அவர் இடுப்பைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"உங்களுக்கு நுழையுதா?"

செங்கோடன் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டைக்குள் கையை விட்டார். முதலில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார், பிறகு ஆள்காட்டி விரலை. கடைசியில் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு சுண்டு விரலை வைத்துப் பார்த்தார். அதற்குள் சிரிப்பு போய்விட்டது.

"கயிறு சின்னதுங்க சாமி," என்றார். "ஆடிக்கு ஆடி மாத்துறதுதான். போன ஆடிக்கே ரெண்டு விரக்கடை சேத்து வாங்குங்கன்னு வீட்டுல சொன்னா, நான்தான் கேக்கல. இப்பவே போய் நீளமா ஒண்ணு வாங்கிக் கட்டிக்கிறேன்."

"அண்ணன் எங்க வாங்குவாரு?"

"ஒரே கடைதானுங்க. ரெண்டு பேரும் சேர்ந்துதான் போவோம். அவரும் ஒவ்வொரு ஆடிக்கும் கொஞ்சம் நீளமாத்தான்..."

கை சட்டைக்குள்ளேயே இருந்தது. வெளியே சாலையில் ஒரு லாரி மலையேறிக்கொண்டிருந்தது.

"நான் என்னதான் பண்றதுங்க சாமி?"

"கயித்தை மாத்தாதீங்க," என்றார் சாமி. "அது தளர்றதுக்கு ரெண்டு வழிதான் இருக்கு. ஒண்ணை நீங்க சுடுகாட்டுல பார்த்துட்டீங்க."