பொன்லிங்கத்தின் தென்னை

நியாயம் சொல்வதென்றால் நம் எல்லோருக்கும் வாய் துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கதையைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எனக்கு இதைச் சொல்லத் தொடங்கும்போதே மனசு கனக்கிறது.

நாகர்கோவிலுக்கு மேற்கே ஒரு தோட்டத்து வீடு. அதில் சுயம்பு, அவர் மனைவி தாயம்மாள், விதவை மருமகள் சுனிதா. மகன் பொன்லிங்கம் கூலிக்கு வாழைத்தோட்டங்களில் பூச்சிமருந்து அடித்து வந்தவன். ஒருநாள் எதிர்க்காற்றைப் பொருட்படுத்தாமல் அடித்துவிட்டு வந்து படுத்தான். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அவனைத் தோட்டத்தின் தென்மூலையில் எரித்து, வழக்கப்படி அதே இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை வைத்தார்கள். இந்த வேலிக்குள் இனி எந்த மருந்தும் வரக் கூடாது என்று அன்றைக்கே தாயம்மாள் சொல்லிவிட்டாள். சுயம்பு தலையாட்டினார்.

மரம் வளர்ந்து காய்த்தது. அதன் காயை விற்பதில்லை. திதியன்று ஓர் இளநீர் வெட்டி அவன் படத்துக்கு முன்னால் படைப்பார்கள். படைத்ததைத் தாயம்மாள் குடிப்பாள். தினமும் முற்றம் பெருக்கி முடித்ததும் அந்த மரத்தில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பாள். ஏன் என்று கேட்டால் சும்மாதான் என்பாள்.

அப்படி நின்றபோதுதான் ஒருநாள் உள்ளே கறக் கறக் என்று எதுவோ கடிக்கும் சத்தம் கேட்டது. தண்டில் ஓட்டை, பழுப்பாகச் சாறு வடிந்துகொண்டிருந்தது. கூன்வண்டின் புழு. அது குருத்தை எட்டினால் மரம் போய்விடும். சுயம்பு உரக்கடையில் போய் விசாரித்தார். தூரைச் சுற்றி மண்ணைக் கொத்தி, மருந்தைப் போட்டு மூடித் தண்ணீர் விட வேண்டும். வேர் அதை உறிஞ்சி உச்சிவரை கொண்டுபோகும். ஆனால் இரண்டு மாதத்துக்கு அந்த மரத்துக் காயை வாயில் வைக்கக் கூடாது என்றார்கள். வீட்டுக்கு வந்து, சுனிதாவும் கேட்டிருக்க, மனைவியிடம் எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னார்.

"மருந்துதான் அவனக் கொண்டு போச்சு. அவன் கெடக்க மண்ணுல அதையே போடச் சொல்லுதியளா? மரம் போனா போவட்டும்" என்றாள் தாயம்மாள்.

அவள் தன் தங்கை ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்த அன்று சுயம்பு மருந்தைப் போட்டுவிட்டார். மண்ணை மூடி, மேலே சருகு பரப்பினார். சுனிதா பின்வாசலில் நின்று பார்த்தாள். அந்த மரம் அவளுக்கும் வேண்டியிருந்தது.

சில வாரங்களில் சத்தம் நின்றது. புதுக்குருத்து நிமிர்ந்து வந்தது. தாயம்மாளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மருந்தே இல்லாமல் என் பிள்ளை தேறிவிட்டான் என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அதைக் கேட்டபிறகு உண்மையைச் சொல்லச் சுயம்புவுக்கு நா எழவில்லை.

இரண்டு மாதம் முடிவதற்குள் திதி வந்துவிட்டது. காய் இன்னும் பிஞ்சாக இருக்கிறது என்று மரமேறியை விட்டுச் சொல்லவைக்கலாம் என்று நினைத்து, சுயம்பு அவனைத் தேடிப் போனார். அவனோ வேறு வழியாக வீட்டுக்கே வந்து சேர்ந்துவிட்டான். தாயம்மாள் அடுக்களையில் இருந்தாள். சுனிதா அவனைப் பக்கத்து வீட்டுத் தென்னையில் ஏறச் சொல்லி ஓர் இளநீர் வாங்கினாள். நம் மரத்துக் காய்தான் என்று மாமியாரிடம் கொடுத்தாள்.

சுயம்பு திரும்பியபோது படையல் முடிந்திருந்தது. சுனிதா தோட்டத்தில் இருந்தாள். தாயம்மாள் இளநீரை உதட்டருகே கொண்டுபோய்விட்டாள்.

"குடிச்சிராத. அந்த மரத்துத் தூருல நான் மருந்து போட்டுட்டேன்" என்றார் சுயம்பு.

அவள் கை அப்படியே இறங்கியது. சத்தம் கேட்டு ஓடிவந்த சுனிதா, இது பக்கத்து வீட்டுக் காய், பயப்பட ஒன்றுமில்லை என்று அவசரமாகச் சொன்னாள். தாயம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பம் இன்னைக்கு அவனுக்கு வச்சதும் அவன் மரத்துது இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் அந்த இருவரிடமும் பேசவில்லை. மறுநாள் ஆள் கூப்பிட்டு மரத்தை வெட்டச் சொன்னாள். தடுக்கச் சுயம்புவுக்கு வாய் ஏது? உள்ளே ஒரு புழுகூட உயிரோடு இல்லை, நல்ல மரத்தை ஏன் வெட்டச் சொன்னீர்கள் என்று வெட்டியவன் கேட்டான்.

இப்போது சொல்லுங்கள். மகன் கிடந்த மண்ணைக் காக்க நினைத்தவள் தாயம்மாள். மரத்தைக் காக்க நினைத்தவர் சுயம்பு. மாமியாரைக் காக்க நினைத்தவள் சுனிதா. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: மருந்து வேண்டாம் என்று சொல்லத் தாயம்மாளுக்கு உரிமை உண்டு, ஆனால் பிழைத்த மரத்தை வெட்டியது வெறும் ஆத்திரம். சுனிதா ஓர் உயிரைக் காக்க நினைத்து, செத்தவனுக்கு வைக்கும் படையலில் பொய்யை வைத்தாள். சுயம்பு மனைவிக்குத் தெரியாமல் மருந்து போட்டது தவறு. ஆனால் சொன்னால் அவளை இழந்துவிடுவோம் என்று தெரிந்தும், அவள் உயிர்தான் பெரிது என்று வாய் திறந்தாரே, இந்தக் கதையில் சரியான செயல் அது ஒன்றுதான் என்பேன். என் மனசு கனப்பதும் அதற்காகத்தான். அன்றைக்கு அவர் பேசாமல் இருந்திருந்தால், தாயம்மாள் அந்த நல்ல இளநீரைக் குடித்துவிட்டு, மகன் தேறிய சந்தோஷத்தோடு எழுந்து போயிருப்பாள். மரமும் நின்றிருக்கும்.