மண்ணுக்கு வைத்த ஈயம்

“மூணு கடை பாத்துட்டேன், ஆசானே. மூணு கடையிலயும் மிஷின் பூஜ்யம்தான் காட்டுது. ரெண்டு நாள் ஓடினதும் வண்டி திரும்ப ஆடுது.”

ஆவுடையப்பன் உப்பளத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் டாக்ஸிக்காரர். வயது ஐம்பத்திரண்டு.

ரொசாரி அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். புறவழிச் சாலையில், சக்கரத்தின் எடையை எல்லாப் பக்கமும் சமமாக்கும் வீல் பேலன்சிங் கடை வைத்திருக்கிறாள். டிரைவர்கள் அவளை ஆசான் என்பார்கள். பாதி கேலி, பாதி பயம்.

“எப்ப ஆடுது?”

“அறுபதைத் தாண்டினா. ஸ்டியரிங் பிடிச்ச கை நடுங்குது.”

“அறுபதுக்குள்ள போங்க.”

“இதைச் சொல்ல ஆசான் எதுக்கு?”

அவள் சிரிக்கவில்லை. ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

“சாயங்காலம் எங்க அப்பாவை ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டிட்டு வரணும். எழுபது கிலோமீட்டர். இடுப்புல பிளேட் வச்சிருக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல உக்கார வைக்காத, குலுங்கவும் விடாதன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“ம்.”

“வலியில அவரு ஒரு சத்தம் போட்டாப் போதும். மகன் வேணும்னே குலுக்குதான்னு ஊரே சொல்லும்.”

“ஏன் சொல்லணும்?”

“முப்பது வருஷமா நாங்க பேசல.”

“வேணும்னு குலுக்குவீகளா?”



“அதுதான் ஆசானே, தெரியல.”

அவள் முன்சக்கரத்தைக் கழற்றினாள். மிஷினில் ஏற்றவில்லை. குழாயை எடுத்துத் தண்ணீரைப் பீய்ச்சினாள்.

“கழுவவா வந்தேன்? வெள்ளிக்கிழமை தவறாமக் கழுவி, சந்தனம் குங்குமம் வச்சுத்தான் வண்டியை எடுக்கேன்.”

“பொட்டு வைக்கிற பக்கம் பளபளன்னுதான் இருக்கு.”

சக்கரத்தைப் புரட்டிக் காட்டினாள்.

உள்பக்கம் உப்பளத்து மண் கல்லாக ஒட்டியிருந்தது. சில இடங்களில் மண் இல்லை. உதிர்ந்த தடம் மட்டும் இருந்தது.

மிச்ச மண்ணையும் சுரண்டி எடுத்தாள். துடைத்தாள். பிறகு மிஷினில் ஏற்றிச் சுற்றினாள்.

ஒரு பக்கம் அறுபத்தைந்து கிராம் கூடுதல் என்று காட்டியது.

“சுத்தமாத்தானே இருக்கு? பிறகு என்ன?”

அவள் விளிம்பைத் தொட்டாள். ஈயக்கட்டிகள் வரிசையாக இருந்தன. ஒன்றன் பக்கத்தில் ஒன்று, ஒவ்வொரு கடையும் வைத்தது.

“மண்ணோட கொண்டு போயிருக்கீக. அவங்க மண்ணு எடைக்குச் சமமா எதிர்ப்பக்கம் ஈயம் வச்சிருக்காங்க. சரியாத்தான் வச்சிருக்காங்க.”

“சரியா வச்சா ஏன் ஆடுது?”

“மண்ணு விழுந்துட்டுல்லா.”

அவர் சக்கரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

“அப்ப இத்தனை நாளும் ஆட்டினது மண்ணா, ஈயமா?”

அவள் குறட்டால் ஓர் ஈயக்கட்டியை நெம்பித் தகர டப்பாவில் போட்டாள்.

டிங்.

“அப்பா என்ன செஞ்சாரு?”

“பெல்ட்டால அடிப்பாரு. என் கல்யாணத்தன்னைக்குக்கூட அடிச்சாரு. பந்தல்ல வச்சு, எல்லாரும் பாக்க.”

டிங்.

“இப்பவும் அடிக்காரா?”

“இப்ப எங்க? ரெண்டு வருஷமா ஞாபகமே இல்ல. நேத்து என் முகத்தைப் பாத்து, ‘தம்பி யாரு? சாப்பிட்டீகளா?’ன்னு கேக்காரு. நான் பிறந்ததிலேருந்து ஒருநாள்கூடக் கேட்டதில்ல.”

“என்ன சொன்னீக?”

“ஒண்ணும் சொல்லல. முகத்தைத் திருப்பிக்கிட்டேன். வழக்கம்லா.”

டிங்.

விளிம்பு வெறுமையானதும் மறுபடி சுற்றினாள். பத்து. சின்னதாக ஒரே ஒரு கட்டி வைத்தாள்.

பூஜ்யம்.

மற்ற மூன்று சக்கரங்களுக்கும் அதே வேலை. கழுவினாள், சுரண்டினாள், நெம்பினாள். டப்பா பாதி நிறைந்தது. ஆவுடையப்பன் அதைத் தூக்கிப் பார்த்தார்.

“இம்புட்டையுமா சுமந்துட்டு ஓடினேன்?”

கேட்டுவிட்டு அவரே டப்பாவைக் கீழே வைத்தார்.

வண்டியைக் கிளப்பினார். நகர்த்தவில்லை. கண்ணாடியை இறக்கினார்.

“ஆசானே.”

“என்ன?”

“சாயங்காலமும் அதையே கேட்டாருன்னா?”

“எதை?”

“சாப்பிட்டீகளான்னு. நான் என்ன சொல்லணும்?”

ரொசாரி கையைத் துடைத்துக்கொண்டே வண்டியருகே வந்தாள்.

“சாப்பிட்டாச்சா, அண்ணாச்சி?”

“இல்ல.”

“அதைச் சொல்லுங்க.”