பதில் சொல்லாத கோபுரம்

பாடம் கேட்க வந்தபோது தொபியாஸுக்கு ஐம்பத்து நான்கு வயது. டீச்சர் ஜெசிந்தாவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

தொபியாஸ் சரக்குக் கப்பல்களில் மின்சார வேலை பார்த்துக் கரையேறியவர். ஜெசிந்தா பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திக்கொண்டிருந்துவிட்டு, மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் இணையத் தொடர்பைப் பார்த்துக்கொள்ள வந்தவர். அந்த வேலையைத்தான் தொபியாஸ் அவரிடம் கற்க வந்தார். கடலோரம் நெடுக ஊருக்கொரு கோபுரம். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு சின்ன ரூட்டர் பெட்டி. காற்று எச்சரிக்கை வந்தால் கோபுரம் விட்டுக் கோபுரம் தாவி அது எல்லா ஊருக்கும் போகும்.

மழைக்காலத்துக்கு முன்னால் அந்தப் பெட்டிகளின் மென்பொருளை மாற்ற வேண்டியிருந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்று பொதுவில் விடப்பட்ட மென்பொருள்கள். எதைப் போடுவது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை ஜெசிந்தா தொபியாஸிடம் கொடுத்தார்.

தொபியாஸ் முதலில் சி மொழி லைப்ரரிகள் என்னும் அடிப்படை நிரல் தொகுப்புகளை எடுத்துக்கொண்டார். பெட்டிக்குள் ஓடும் மற்ற நிரல்கள் எல்லாம் சாய்ந்து நிற்பது அவற்றில் ஒன்றின்மேல்தான். பெரியது ஒன்று, சிறியது ஒன்று.

"ரெண்டுல எது டீச்சர் நல்லது?"

"என்ன வித்தியாசம் பாத்தீங்க அண்ணாச்சி?"

"இணையத்துல ஒரு தளத்தோட பேருக்கு முகவரி வேணும்னா, பெருசு முதல் சர்வர்கிட்ட கேக்குது. பதில் வருமான்னு காத்துக் கிடக்குது. வரலன்னாத்தான் அடுத்த ஆள்கிட்ட போவுது. சின்னது அப்படி இல்ல. எல்லார்கிட்டயும் ஒரே நேரத்துல கேட்டுட்டு, முந்தி வந்த பதில எடுத்துக்கிடுது."

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"பெருசுதான். ஒருத்தர்கிட்ட ஒண்ணு கேட்டா, அவர் வாய் திறக்குற வரைக்கும் நிக்கணும்லா?"



"பெட்டியில அதுக்கு இடம் இருக்கா?"

"இல்ல."

"அப்ப சின்னதப் போடுங்க."

தொபியாஸ் போட்டார். மனசில்லாமல்தான் போட்டார்.

அவருடைய ஒரே மகள் ஆன்சி கொச்சியில் இருந்தாள். அவள் தானாகத் தேடிக்கொண்ட கல்யாணத்துக்கு இவர் போகவில்லை. பிறகு மனம் கேட்காமல் இரண்டு தரம் போன் செய்தார். அவள் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் செய்யவில்லை. அப்பா கூப்பிட்டது அவளுக்குத் தெரியும், அவளே கூப்பிடுவாள் என்று இருந்துவிட்டார். சாப்பிடும்போதும் போன் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அது ஒலித்ததும் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். யாரென்று பார்த்ததும் அது போய்விடும். சங்கத்தில் எல்லோரும் இதைக் கண்டிருந்தார்கள். யாரும் எதுவும் கேட்டதில்லை.

அடுத்தது, தகவல் எந்த வழியாகப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ரூட்டிங் மென்பொருள். அதிலும் இரண்டு. ஒவ்வொரு கோபுரமும் பக்கத்துக் கோபுரத்திடம் 'இருக்கிறேன், இருக்கிறேன்' என்று விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தம் நின்றால் ஒரு மென்பொருள் மூன்று நிமிடம் பொறுக்கும். மற்றது நான்கு நிமிடம் பொறுக்கும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் வழியில்லை என்று முடிவு செய்து, தகவலை வேறு பக்கம் திருப்பிவிடும்.

தொபியாஸ் அதிகம் பொறுப்பதையே எடுத்தார். அதுவும் அவருக்குப் போதவில்லை. பொறுக்கும் நேரத்தை ஒரு மணி நேரம் என்று மாற்றிவிட்டார். டீச்சரிடம் சொல்லவில்லை.

ஐப்பசியில் ஒரு பிற்பகல், சிலுவைத்துறைக் கோபுரத்தில் மின்சாரம் போயிற்று. அந்த நேரம் பார்த்துக் காற்று எச்சரிக்கை வந்தது. முந்தைய கோபுரம் அதைச் சிலுவைத்துறைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை. கலங்கரை விளக்கம் வழியாக இன்னொரு பாதை திறந்தே கிடந்தது. அதில் எதுவும் போகவில்லை.

சிலுவைத்துறைக்குத் தெற்கே இருக்கும் கல்லாமுனையிலிருந்து எச்சரிக்கை கிடைத்ததற்கான பதில் வராததை ஜெசிந்தா கவனித்தார். அந்த ஊர்க் கோயிலுக்குப் போன் போட்டு மணி அடிக்கச் சொன்னார். மணிச்சத்தம் கேட்டுக் கரையில் கிடந்த வள்ளங்கள் கடலுக்குப் போகாமல் நின்றுவிட்டன. ஒன்று மட்டும் அதற்கு முன்பே போயிருந்தது.

தொபியாஸ் பைக்கை எடுத்துக்கொண்டு கல்லாமுனைக்குப் போனார். போன வள்ளத்தில் மூன்று பேர். அவர்களுடைய வீட்டுப் பெண்கள் அலை காலை நனைக்கும் இடத்தில் நின்றார்கள். காற்று மணலை வாரி அடித்தது. பெண்கள் கடலைப் பார்த்து ஆட்களின் பெயர்களைச் சொல்லிக் கத்தினார்கள். அந்தக் காற்றில் அது பத்தடி தாண்டாது. அவர்களுக்கும் அது தெரியும். தொண்டை கட்டிய பிறகும் கத்தினார்கள்.

தொபியாஸ் அவர்களுக்குப் பின்னால் நின்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் வள்ளம் திரும்பியது. வலை போயிருந்தது. ஆட்கள் மூவரும் இருந்தார்கள்.

மறுநாள் காலையில் தொபியாஸ் சங்க அலுவலகச் சாவியை மேசைமேல் வைத்தார்.

"பொறுக்குற நேரத்த நான்தான் மாத்தினேன் டீச்சர். இனிமே வரல."

"என்னத்துக்கு மாத்துனீங்க?"

"அவசரப்பட்டு ஒருத்தர இல்லன்னு சொல்லிரக் கூடாதேன்னு."

ஜெசிந்தா திட்டவில்லை. அலமாரியிலிருந்து நான்கு பழைய ரூட்டர்களை எடுத்து, கோபுரங்களைப் போலவே ஒன்றோடொன்று இணைத்தார்.

"உக்காருங்க. நேரத்த முன்ன இருந்தபடி வைங்க."

தொபியாஸ் வைத்தார். ஜெசிந்தா ஒரு பெட்டியின் மின்சாரத்தை அணைத்தார். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கு நிமிடம் என்பது அத்தனை நீளம் என்று தொபியாஸ் நினைத்திருக்கவில்லை.

திரையில் ஒரு வரி வந்தது. அணைந்த பெட்டியின் பக்கம் வழியில்லை. தகவல் மறுபக்கமாகச் சுற்றி ஓடத் தொடங்கியது.

"அவ்வளவுதானா? முடிஞ்சுதா?"

"பாருங்க."

சற்று நேரத்தில் இன்னொரு வரி வந்தது. பக்கத்துப் பெட்டி அணைந்த பெட்டியைக் கூப்பிடுகிறது. பதில் இல்லை. கொஞ்சம் கழித்து மறுபடி கூப்பிட்டது. பதில் இல்லை.

தொபியாஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இல்லன்னு சொல்லிட்டு வழிய மாத்திருச்சே. பிறகு ஏன் கூப்பிடுது?"

"வழிய மாத்துனது மத்தவங்களுக்காக அண்ணாச்சி. கல்லாமுனைக்குத் தகவல் போகணும்லா?"

"கூப்பிடுறது?"

ஜெசிந்தா விரலால் காட்டினார். திரையில் இன்னொரு வரி வந்தது.

"மூணு நிமிஷம் பொறுக்குற அந்த இன்னொரு மென்பொருள்?"

"அதுவும் இப்படித்தான்."

தொபியாஸ் எழுந்து வெளியே போனார். ஐஸ் ஆலைச் சுவர் ஓரமாக நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டார். ஜன்னல் வழியே அவர் முதுகு தெரிந்தது. நெடுநேரம் அப்படியே நின்றார். போனை இறக்கிப் பார்த்தார். மறுபடி காதில் வைத்தார்.

உள்ளே வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன.

"எடுக்கல டீச்சர்."



திரை நிறைய ஒரே வரி, ஒன்றின்கீழ் ஒன்றாக இறங்கியிருந்தது. தொபியாஸ் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது எப்ப நிறுத்தும் டீச்சர்?"

"பக்கத்துல இருக்கறது யாருன்னு பெட்டிக்குள்ள நாம ஒரு பேரு எழுதி வச்சிருக்கோம்லா அண்ணாச்சி, அத நாமளா அழிச்சாத்தான்."