மாடு பேசாது

“சாமி, இந்தக் கிறிஸ்துமஸ் பூசையோட நான் நிறுத்திக்கிறேன். ஞானோபதேச வகுப்புக்கு வேற ஆளப் பாருங்க.”

உபதேசியார் இன்னாசிமுத்து இதைச் சொன்னபோது பங்குச் சாமியார் காகித நட்சத்திரம் ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார்.

சாமியாருக்கு அவரைவிட வயது குறைவு. ஆனாலும் மனத்தில் எது குத்தினாலும் இன்னாசிமுத்து இவரிடம்தான் வருவார்.

“உடம்புக்கு என்ன?”

“உடம்புக்கு ஒண்ணுமில்ல.”

சாமியார் விரலில் இருந்த பசையைத் துடைத்தார்.

“பிள்ளைங்ககிட்ட கேக்கேன், கடவுள் எங்க இருக்காருன்னு. எங்கும் இருக்காருன்னு எல்லாரும் சேர்ந்து கத்துதுங்க. சரிங்கிறேன். அந்தச் சத்தம் அடங்கின பிறகு பாக்கேன். பெஞ்சு இருக்கு. சுவர் இருக்கு. சன்னலுக்கு வெளியே கடல் இருக்கு. வேற ஒண்ணும் இல்ல, சாமி.”

“எவ்வளவு காலமா?”

“தெரியல. ஒருவேளை எப்பவுமே இப்படித்தானோ என்னவோ. முன்னால நானும் சேர்ந்து கத்தினேன். அதனால கேக்கல.”

சாமியார் நட்சத்திரத்தின் கடைசி முனையையும் ஒட்டினார்.

“பிள்ளைங்க கடற்கரையில குடில் கட்டியிருக்காங்க. பாத்தீரா?”

“இல்ல.”

“பாத்துட்டு வாரும்.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லலையே, சாமி.”

“நீர் இன்னும் ஒண்ணும் கேக்கலையே,” என்றார் சாமியார்.

*

பனி இறங்கியிருந்தது. கடல் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

மணலில் கவிழ்த்துப் போட்டிருந்த பழைய வள்ளம், தரையைத் தொடாமல் நிற்பதுபோல் இருந்தது. அதன் ஒரு பக்கத்தைக் கழி கொடுத்துத் தூக்கியிருந்தார்கள். அதுதான் மாட்டுத்தொழுவம்.

மாதா ஒரு வெண்சங்கு. சூசையப்பர் ஒரு பனைமட்டை. முகத்தைக் கரியால் வரைந்திருந்தார்கள். பாவம், சூசையப்பர் பல நாள் தூங்காதவர்போல இருந்தார்.

மேலே சிரட்டைகளில் செய்த சம்மனசுகள், வானதூதர்களுக்குரிய காகிதச் சிறகோடு நூலில் தொங்கின. காற்றடிக்கும்போது ஒன்றன்மேல் ஒன்று மோதி மெல்லச் சத்தமிட்டன.

ஒரு சம்மனசுக்கு மீசை இருந்தது.

“சம்மனசுக்கு மீசையாலே?” இன்னாசிமுத்து பக்கத்தில் நின்ற பையனிடம் கேட்டார்.

“அது எங்க தாத்தா,” என்றான் தொம்மை. “போன ஐப்பசியில செத்துப்போனாரு. மீசை இல்லன்னா எனக்கு எப்படி அடையாளம் தெரியும்?”

செத்தவர்கள் சம்மனசு ஆவதில்லை என்று இன்னாசிமுத்து வகுப்பில் சொல்லியிருக்கிறார். இப்போது சொல்லவில்லை.

கொஞ்சம் தள்ளி ஈரமணலில் ஒரு கோட்டை. சுற்றிலும் நண்டு வளைகள்.

“அது ராஜா கோட்டை,” என்றாள் பெர்பெத்து. அங்கிருந்த பிள்ளைகளில் அவள்தான் பெரியவள். “நண்டெல்லாம் சிப்பாய்ங்க.”

“ஒரு சிப்பாயையும் காணோமே?”

“உங்களப் பாத்துப் பயந்துட்டானுவ.”

பிள்ளைகள் சிரித்தார்கள். இன்னாசிமுத்து குனிந்து வள்ளத்துக்குள் பார்த்தார்.

மாதாவுக்கும் சூசையப்பருக்கும் நடுவில் கொஞ்சம் வைக்கோல். வைக்கோலில் ஒன்றும் இல்லை.

இதைப் பார்க்கத்தானா சாமியார் அனுப்பினார்?

“பிள்ளை எங்க?”

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஒளிச்சு வச்சிருக்கோம்,” என்றாள் பெர்பெத்து.

“எதுக்கு?”

“ராஜா தேடுறான்ல. கையில கிடைச்சா கொன்னுருவான்.”

“சரி. எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?”

“சொல்லப்படாது.”

“நான் உங்க உபதேசியாருல்ல?”

“ஆமா.”

“எங்கிட்டயும் சொல்ல மாட்டீங்களா? நான் கும்பிடத்தானே கேக்கேன்.”

பெர்பெத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“ராஜாவும் அப்படித்தான் சொன்னான்,” என்றாள். “நட்சத்திரம் பாத்து வந்தவங்ககிட்ட, எங்க இருக்குன்னு சொல்லுங்க, நானும் போய்க் கும்பிடணும்னு கேட்டான். நீங்கதான சொல்லித் தந்தீங்க.”

தொம்மை பக்கத்திலிருந்த சின்னவனின் காதில் குனிந்தான்.

“கும்பிடுறதுக்கு இல்லலே,” என்றான். “வாள எடுத்து வச்சிருந்தான்.”

சின்னவன் இன்னாசிமுத்துவின் கைகளைப் பார்த்தான்.

*

“பிள்ளையே இல்லாத குடில், சாமி. எங்கன்னு கேட்டா என்னை ராஜாங்கிறாங்க.”

“ராஜாவா? எனக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கல. நேத்து நான் கேட்டதுக்கு, சிப்பாய்னு சொல்லி விரட்டிட்டாங்க.”

“உங்களுக்கும் சொல்லலையா?”

“இல்ல.”

“அப்புறம்?”

“அப்புறம் கேக்குறத விட்டுட்டேன். ஏதாவது வேலை இருந்தா குடுங்கன்னேன். கழுதை வேலை குடுத்தாங்க.”

இன்னாசிமுத்து சிரிக்கப் பார்த்தார். சாமியார் சிரிக்கவில்லை.

“கழுதைக்கு என்ன வேலை, சாமி?”

“சிப்பாய்ங்க நெருங்கிட்டா தாயையும் பிள்ளையையும் ஏத்திக்கிட்டு எகிப்துக்குப் போகணும். எப்ப கூப்பிடுவாங்கன்னு தெரியாது.”

“கூப்பிடவே இல்லன்னா?”

“கழுதை அதையெல்லாம் யோசிக்குமா, உபதேசியாரே?”

இன்னாசிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் கவனித்தார். சாமியார் வீட்டுக்குள்ளேயே செருப்பு போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

*

அவர் திரும்பி வந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. பிள்ளைகளின் குரல் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது. பிறகு வள்ளம் தெரிந்தது. பிறகு அவர்கள்.

எப்படிக் கேட்பது என்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கேள்வியும் அவரே கேட்டு, பதிலும் அவரே வைத்திருந்தார். வெறுங்கையோடு ஒரு சிறுமியின் முன்னால் நின்றதில்லை.

“ஏதாவது வேலை இருக்கா?” என்றார்.

பிள்ளைகள் தலைகளைச் சேர்த்துக் குசுகுசுவென்று பேசினார்கள்.

“ஒட்டகம்?” என்றான் தொம்மை.

“அவரு குட்டையால்ல இருக்காரு,” என்றாள் பெர்பெத்து.

மறுபடியும் குசுகுசு.

“மாடு இல்ல நம்மகிட்ட,” என்றான் சின்னவன்.

எல்லாரும் இன்னாசிமுத்துவைப் பார்த்தார்கள். மாட்டுக்குப் பொருந்துவாரா என்று நிதானமாகப் பார்த்தார்கள். அவர் அசையாமல் நின்றார்.

“சரி,” என்றாள் பெர்பெத்து.

“மாட்டுக்கு என்ன வேலை?”

“ஒண்ணும் இல்ல. பக்கத்துல இருந்து மூச்சு விடணும். பிள்ளைக்குக் குளிருதுல்ல.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அவள் அவருடைய விரலைப் பிடித்துக்கொண்டு வள்ளத்துக்குள் நுழைந்தாள். வைக்கோலைத் தாண்டினாள். மாதாவையும் சூசையப்பரையும் தாண்டினாள். வள்ளம் குறுகிப்போகும் கடைசி மூலைக்குப் போனாள். அங்கே கிழிந்த வலைகள் குவிந்து கிடந்தன.

“மண்டி போடுங்க.”

அவர் முழங்கால் ஊன்றினார். கைகளையும் ஊன்றினார். மணல் குளிர்ந்திருந்தது. மீன் வாடையும் பழைய மரத்தின் வாடையும் வந்தன. வலைக்குவியலுக்குள் இருட்டாக இருந்தது. அவர் கண்ணைக் குறுக்கிப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

“இங்கேயா…” என்று தொடங்கினார்.

“மாடு பேசாது.”

அவர் வாயை மூடிக்கொண்டார்.

வெளியே அலை ஒன்று வந்து மணலில் பரவித் திரும்பியது. மேலே சிரட்டைகள் மோதிக்கொண்டன. பிள்ளைகள் எல்லாரும் அவர் மூச்சுக்காகத் தங்கள் மூச்சை நிறுத்திக்கொண்டு நின்றார்கள்.

இன்னாசிமுத்து மூச்சு விட்டார்.

அது இருட்டுக்குள் போனது. எதிலோ பட்டு, இளஞ்சூடாக அவர் முகத்துக்கே திரும்பி வந்தது.

அவர் இன்னும் கொஞ்சம் குனிந்தார். இம்முறை நெஞ்சு நிறைய இழுத்து, பலமாக விட்டார்.

பெர்பெத்து அவர் தோளில் கை வைத்தாள்.

“மெதுவா,” என்றாள். “இப்பதான் தூங்குச்சு.”