வெல்லம் தின்று வெயிலில் காத்திருந்த குரங்கு

குளக்கரையில் ஒரு நெல்லி மரம் இருந்தது. செவலையன் என்ற தலைவன் குரங்கு தன் கூட்டத்தோடு அதில் குடியிருந்தது. மரத்தடியில் பில்லை என்ற வெள்ளாடு மேயும். நெல்லிக்காயை அது முகர்ந்துகூடப் பார்க்காது.

"தினமும் காய் காய் என்று மரத்தைப் பிடித்துத் தொங்குகிறாயே," என்று ஆடு ஒருநாள் சீண்டியது. "எனக்கு வேண்டிய வைட்டமின் சி-யை நானே செய்துகொள்கிறேன்."

செவலையனுக்குச் சுருக்கென்றது. உடனே மரத்திடம், உன் காயில் இருக்கிற வைட்டமின் சி-யை நீ எதிலிருந்து செய்கிறாய் என்று கேட்டது.

"சர்க்கரையிலிருந்து," என்றது மரம். "வெயிலில் என் இலை சமைக்கிற சர்க்கரைதான். உள்ளே நொதிகள் என்று வேலையாட்கள் உண்டு. அவர்கள்..."

குரங்கு அங்கே இல்லை. சர்க்கரை என்ற சொல்லே அதற்குப் போதும்.

பக்கத்து ஊர்க் கொட்டகையில் வெல்லம் காய்ச்சுவார்கள். செவலையன் அதைத் திருடித் தின்றது. பிறகு இலையைப் போலவே இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்தது. இனி காயும் வேண்டாம், கொழுந்தும் வேண்டாம் என்று சொல்லிவிட்டது. கூட்டமே சிரித்தது. பாவம், அது மும்முரமாக உட்கார்ந்திருந்தது.

சில மாதங்களில், வைட்டமின் சி கிடைக்காமல், அதன் ஈறு வீங்கி ரத்தம் கசிந்தது. பற்கள் ஆடின. கடிக்க முடியாத குரங்கை யார் தலைவன் என்பார்கள்? இளவட்டக் குரங்குகள் அதன் கிளையில் வந்து உட்காரத் தொடங்கின.

செவலையனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பொய் சொல்லிவிட்டாய் என்று கத்தி, மரத்தின் பட்டையை நகத்தால் உரித்தது.

"பாதியில் ஓடினது யார்?" என்றது மரம். "சர்க்கரை நொதிக்கு நொதி கைமாறிப் போகும். ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் மாற்றும். கடைசி நொதி தொட்ட பிறகுதான் அது வைட்டமின் சி."

ஆடு தலையைக் குனிந்துகொண்டது. தன் ஈரலிலும் இப்படி ஒரு வரிசை, வேறு ஆட்களோடு, இருக்கிறது என்றது. குரங்கு வம்சத்தில் அந்தக் கடைசி ஆள் எப்போதோ தொலைந்துபோனான். அது தெரிந்தும் சீண்டியது தன் தப்புதான் என்று ஒப்புக்கொண்டது.

செவலையன் தான் உரித்த பட்டையைப் பார்த்தது. அதற்கு அழுகை வந்தது.

"எனக்கு ஒரு காய் தருவாயா?"

மரம் கிளையை உலுக்கியது. காய்கள் பொலபொலவென்று விழுந்தன. கடிக்கத்தான் பல் ஒத்துழைக்கவில்லை. ஆடு அவற்றைக் குளம்பால் மிதித்துக் கூழாக்கிக் கொடுத்தது. குரங்கு நக்கி நக்கித் தின்றது. சில வாரங்கள் இப்படியே தின்றதில் ஈறு ஆறி, பல் இறுகி, அது மறுபடியும் தன் கிளையில் ஏறி உட்கார்ந்தது.

சரக்கு கையில் இருந்தால் மட்டும் போதாது, அதை ஆக்கும் ஆளும் வேண்டும். நம்மால் ஆக்க முடியாததை, ஆக்கத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வதில் கேவலம் ஒன்றுமில்லை.